அழகுமுத்துவின் மூன்றாவது ஊதல்

லண்டனில் அச்சான ஒரு மருத்துவ அறிக்கையில் அழகுமுத்துவைப் பற்றி நான்கு வரிகள் இருக்கின்றன. அவர் பெயர் அங்கே இல்லை. "தேயிலை சலிக்கும் அறையில் நீண்ட காலம் வேலை செய்த நடுவயது ஆண், மெலிந்த உடல்" என்று தொடங்கி, இந்த ஆளின் நுரையீரல் கொள்ளும் காற்று இதுவரை அளக்கப்பட்ட எந்த மனிதனுடையதையும் விட அதிகம் என்று அவ்வரிகள் முடிகின்றன. இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே சூரக்கலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் படிகளில் நின்று நின்று ஏறி, வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய ஒருவரைப் பற்றி எழுதப்பட்ட வரிகள் இவை. ஒரு மனிதரைப் பற்றி உலகம் எழுதிவைத்த ஒரே குறிப்பு தவறாக இருப்பது அபூர்வமல்ல. அந்தத் தவறை அவரே பாடுபட்டு உண்டாக்கியிருப்பதுதான் கொஞ்சம் அபூர்வம்.

அழகுமுத்துவின் தகப்பனார் கும்பகோணத்துப் பக்கம் ஒரு சிறிய கோயிலில் நாயனம் வாசித்தவர். மழை பொய்த்த ஒரு வருஷத்தில் குடும்பத்தோடு மண்டபம் முகாமையும் கடலையும் கடந்து இங்கே வந்தார். தோட்டத்தில் நாயனத்துக்கு வருஷத்தில் சில நாள்தான் வேலை. மண்வெட்டிக்கு வருஷம் முழுவதும் வேலை. ஆகவே அவர் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நாயனத்தை மகனிடம் கொடுத்தார். மகன் அதை மாரியம்மன் திருவிழாவிலும் கல்யாணங்களிலும் ஊதினார்.

அவர் பெரிய வித்வான் என்று சொல்ல முடியாது. ராகம் தேடி வந்தவர்களுக்கு அவர் வாசிப்பில் அதிகம் கிடைத்ததில்லை. சூரக்கலையில் ராகம் தேடி வந்தவர்களும் அதிகம் இல்லை. அங்கே எல்லாரும் கேட்க விரும்பியது நீளம். தேர் கோயிலடியிலிருந்து கிளம்பும்போது அழகுமுத்து ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால், அது முதல் லயத்தைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அறுபடாமல் போக வேண்டும். அதற்கு ஒரு பழக்கம் உண்டு. கன்னங்களை உப்ப வைத்து அங்கே கொஞ்சம் காற்றைச் சேமித்து, அந்தக் காற்று நாயனத்துக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் புதுக் காற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். வாய் ஊதும்; மூக்கு இழுக்கும். தகப்பனார் சொல்லிக்கொடுத்தது. தோட்டத்தில் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்த விஷயமாதலால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கல்யாணமான சில வருஷத்தில் அழகுமுத்துவை ஸ்டோருக்கு மாற்றினார்கள். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். மலையில் மழையிலும் அட்டையிலும் நிற்பவர்களுக்கு ஸ்டோர் வேலை ஒரு பதவி உயர்வு. கூரை இருக்கிறது, கால் நனைவதில்லை. ஸ்டோரின் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி வாட வைப்பார்கள். அங்கே ஜன்னல்கள் திறந்திருக்கும், மலைக்காற்று தாராளமாக வரும். கீழே கொழுந்தை உருட்டி, புளிக்க வைத்து, அடுப்பில் காயவைத்து, கடைசியாகச் சலிப்பறைக்கு அனுப்புவார்கள். அங்கே இயந்திரச் சல்லடைகள் ஆட ஆட, கொழுந்தின் முதுகில் இருந்த நுண்ணிய மயிர்கள் உதிர்ந்து பறக்கும். அதற்குப் பஞ்சு என்று பெயர். பழுப்பு நிறம். ஜன்னல் விளிம்பு, இரும்புத் தூண், புருவம், காதுமடல் எல்லாவற்றிலும் அது படிந்திருக்கும். தேயிலை வாசனை பறந்துவிடும் என்று அந்த அறையின் ஜன்னல்களை மூடியே வைப்பார்கள். சீமையில் எங்கோ ஒரு கோப்பையில் எழவேண்டிய வாசனைக்காக இங்கே சிலர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

பல வருஷம் அழகுமுத்து அந்தப் பஞ்சுக்குள் நின்றார். இருமல் முதலில் விடியற்காலை விருந்தாளியாக வந்தது. பிறகு குடியேறியது. தோட்டத்து மருந்தறையில் சூசைரட்ணம் என்ற கம்பவுண்டர் இருந்தார். அவரை மருந்து ஐயா என்பார்கள். பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு தண்ணீர் மருந்து வைத்திருந்தார். வயிற்றுவலிக்கும் அதுதான், கால் வீக்கத்துக்கும் அதுதான். அழகுமுத்துவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லே, சளி" என்று அதே மருந்தைக் கொடுத்தார். சளி அதைக் குடித்துத் தேறியது.

அந்த மாசித் திருவிழாவில்தான் மானம் போனது. தேர் கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. பிடித்த ஸ்வரம் பாதியில் அறுந்து, அதன் இடத்தில் இருமல் வந்தது. கூட்டம் நின்றது. தேரும் நின்றது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து விருந்துக்கு வந்திருந்த நாயனக்காரர் செல்லசாமி, யாரும் கேட்காமலே தன் நாயனத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து ஊதிக்கொண்டு போனார். தேர் அவர் பின்னால் போனது.

அழகுமுத்துவின் மனைவி பேச்சியம்மா கொழுந்தெடுப்பவர். அதிகம் பேசாதவர், ஆனால் முடிவுக்கு வந்துவிட்டால் பேசிவிடுவார். அன்று வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "இந்தப் பஞ்சை விட்டு வெளிய வாங்க. மேல்மாடிக்கு மாத்தச் சொல்லி தொரைகிட்ட கேளுங்க. இல்லாட்டி அடுத்த மாசிக்கு நாயனம் இருக்கும், ஊத ஆள் இருக்காது."

தோட்டத்துத் துரை தமிழ் பேசுவார். வேலை வாங்கப் போதுமான தமிழ். அழகுமுத்து கேட்டதற்கு அவர் சொன்ன பதில் நியாயமாகவே இருந்தது.

"நோய் இல்லே. நோய் இருந்தா டாக்டர் சொல்லும். டாக்டர் சொன்னா நான் மாத்தும். நீ சொன்னா நான் மாத்தாது."

இது இலங்கையில் அந்தப் பெரிய மலேரியா வந்து போனதற்கு அடுத்த வருஷம். அப்போது சீமையில், பஞ்சாலைத் தூசியும் கல்லுடைக்கும் தூசியும் நெஞ்சுக்குள் போய் என்ன செய்கின்றன என்று சிலர் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தேயிலைத் தூசியைப் பற்றியும் யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கவலை கொழும்பில் சிலருக்கு வந்தது. மற்றவர்கள் கேட்பதற்கு முன் தாமே கேட்டுத் தாமே பதில் பெறுவது நல்லது என்று முடிவு செய்து, லண்டனிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தார்கள். அவர் கெட்டவர் அல்ல. நேர்மையானவர், உழைப்பாளி, எண்களில் முழு நம்பிக்கை உள்ளவர். தோட்டத்தில் அவருக்கு மூச்சு டாக்டர் என்று பெயர் வைத்தார்கள்.

மூச்சு டாக்டர் சூரக்கலைக்கு வருகிறார் என்றதும் துரை பெரட்டில், அதாவது காலையில் எல்லாரும் வரிசையாக நின்று வேலை வாங்கும் களத்தில், அறிவித்தார்: சலிப்பறை ஆட்கள் எல்லாரும் டாக்டரின் கருவிக்குள் ஊத வேண்டும். மூச்சு குறைந்தவர்கள் என்று டாக்டர் சொன்னால் அவர்களை மேல்மாடிக்கு மாற்றுவார். துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும்.

பேச்சியம்மாவுக்கு வழி திறந்துவிட்டது. அன்று சாயங்காலம் அடுப்பில் ரொட்டி கிடந்தது. அடுப்பு ஊதும் குழலைப் புருஷனிடம் நீட்டினார்.

"ஊதிக் காட்டுங்க. கெட்டுப்போன நெஞ்சு எப்படி ஊதும், அப்படி."

அழகுமுத்து குழலை வாயில் வைத்தார். அடுப்பு தகதகவென்று எரிந்து ரொட்டியின் ஒரு பக்கம் கருகியது.

"என்னாங்க இது? இப்படி ஊதினா வெள்ளக்காரரு மாலை போட்டு அனுப்பிருவாரு."

"நான் என்னா செய்ய? குழல்னு ஒண்ணு உதட்டுல பட்டா வாய் பாட்டுக்கு வேலையப் பாக்குது."

"நெருப்பு அணையிற மாதிரி ஊதுங்க."

"நெருப்பை அணைக்கவும் மூச்சு வேணும்டி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அவரை இரண்டாக மடித்துத் தரையில் உட்கார வைத்தது. பேச்சியம்மா முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இதுதாங்க. இதையே அங்கேயும் செஞ்சிருங்க. போதும்."

அளவெடுப்பை ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள், வேலை கெடக்கூடாது என்பதற்காக. பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர் ஆட்களையும் அன்றைக்கே வரச் சொன்னார்கள். டாக்டர் முதலில் சலிப்பறைக்குப் போய், காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடித் துண்டுகளை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் ஓடாது. ஆகவே தூசி மிகக் குறைவு. இதையும் அவர் கவனமாக எழுதிக்கொண்டார்.

கருவியைப் பெரட்டுக் களத்தில் மேசைமேல் வைத்தார்கள். தண்ணீர் நிறைந்த ஒரு பித்தளைப் பீப்பாய். அதற்குள் கவிழ்த்த இன்னொரு பீப்பாய். குழாயில் ஊதினால் உள்பீப்பாய் தண்ணீரிலிருந்து மேலே எழும்பும். எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு மூச்சு. பக்கத்தில் அளவுகோல். ஆளுக்கு மூன்று தடவை. மூன்றில் எது அதிகமோ அதுதான் கணக்கு. மருந்து ஐயா சூசைரட்ணம் மொழிபெயர்க்க நின்றார். தலவாக்கலை மாதா கோயிலில் அவர் பூசை தவறிப்போன ஞாயிறு அது. முகம் அதற்கேற்ப இருந்தது.

மூக்கை மூட ஒரு மரக் கவ்வியும் டாக்டரிடம் இருந்தது. காற்று முழுவதும் வாய்வழியே வர வேண்டும் அல்லவா? முதலில் வந்தவர் நாகலெட்சுமி, சலிப்பறையில் தேயிலைக்குள் குச்சி பொறுக்குபவர். கவ்வியைப் பார்த்தார்.

"இது என்னாங்க ஐயா?"

"மூக்குல மாட்டணும்" என்றார் மருந்து ஐயா.

"என் மூக்குல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. அது எங்க மாமன் போட்டது. இன்னொண்ணு மாட்ட இவரு எனக்கு என்னா மொறை?"

களம் சிரித்தது. டாக்டர் பொறுமையாக முயன்று பார்த்தார். மூக்குத்தியின் மேல் கவ்வி நிற்கவில்லை, வழுக்கி விழுந்தது. கழற்றச் சொன்னால், புருஷன் இருக்கும்போது எப்படிக் கழற்றுவது என்றார் நாகலெட்சுமி. பின்னால் நின்ற பெண்கள் எல்லார் மூக்கிலும் ஒன்று மின்னியது. டாக்டர் யோசித்தார். சிலருக்குக் கவ்வி, சிலருக்கு இல்லை என்றால் ஆராய்ச்சியின் சமத்துவம் கெடும். எல்லாரையும் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்பது அவருடைய அறம். எனவே யாருக்கும் கவ்வி வேண்டாம் என்று முடிவு செய்து அதைப் பெட்டிக்குள் போட்டார். எல்லாரையும் ஒரே மாதிரித் தவறாக அளந்தால் அதுவும் ஒருவிதச் சரி என்று எண்ணுபவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஒவ்வொருவராக ஊதினார்கள். பீப்பாய் கொஞ்சம் எழும்பிச் சோர்ந்து இறங்கியது. நாகலெட்சுமிக்கு அது அசைந்ததே பெரிது. டாக்டரின் புருவம் சுருங்கிக்கொண்டே வந்தது. நேர்மையானவர் என்றேனே, அவர் பயப்படத் தொடங்கியிருந்தார். இதே கதியில் போயிருந்தால் அன்று மாலை மேல்மாடியில் இடம் போதாமல் போயிருக்கும்.

பக்கத்துத் தோட்டத்துச் செல்லசாமி ஊதினார். அவர் அடுப்பறை ஆள். பஞ்சு அவ்வளவாகப் படாதவர், வயதிலும் இளையவர். பீப்பாய் நன்றாக எழும்பியது. டாக்டர் முதல் முறையாகச் சிரித்து, தோளைத் தட்டி, "குட்" என்றார். செல்லசாமி மீசையைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார்.

பிறகு அழகுமுத்து.

முதல் தடவை, பேச்சியம்மா சொன்னபடியே ஊதினார். பீப்பாய் ஒரு விரல் எழும்பி நின்றது. கொழுந்துக்காரப் பெண்களின் நடுவே பேச்சியம்மா தலையை லேசாக அசைத்தார். இரண்டாம் தடவை ஊதும்போது நடிக்கத் தேவை இருக்கவில்லை. இருமல் தானாகவே வந்து உதவியது. டாக்டர் அளவை எழுதினார். இன்னும் ஒன்றுதான். அது முடிந்தால் மேல்மாடி.

அப்போது ஓரத்திலிருந்து செல்லசாமியின் குரல் வந்தது. மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லவில்லை.

"என்னாண்ணே, மாசித் தேருல விட்ட மூச்சு இன்னும் வீடு வந்து சேரலையா?"

யாரோ சிரித்தார்கள். அழகுமுத்துவின் கூட்டாளி இராமையா, திருவிழாவில் தப்பு அடிப்பவர், கவ்வாத்து மலையில் செடி வெட்டுபவர், பதிலுக்குக் கத்தினார்: "ஏய், எங்க ஆள் இப்பதான் சுதி பாக்குறாரு. பொறு!"

நல்லெண்ணத்தில் சொன்ன வார்த்தை. பெரும்பாலான சேதங்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. அழகுமுத்து செல்லசாமியைப் பார்த்தார். இராமையாவைப் பார்த்தார். பார்க்கவேண்டிய பக்கம் மட்டும் பார்க்கவில்லை. குழாயை எடுத்து, உதட்டில் பொருத்தி, கண்ணை மூடினார். கன்னங்கள் உப்பின.

பீப்பாய் எழும்பியது. செல்லசாமியின் அளவைத் தாண்டியது. மூக்கு இழுத்தது, வாய் ஊதியது. இராமையா கைக்கு அகப்பட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தை அடிக்க ஆரம்பித்தார். பீப்பாய் அளவுகோலின் கடைசிக் கோட்டைத் தொட்டது. களமே கூவியது. டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பீப்பாய் ஒரு கணம் சாய்ந்து நின்று, கவிழ்ந்து, மேசை முழுவதும் தண்ணீரைக் கொட்டி, உருண்டோடி துரையின் காலடியில் போய் நின்றது.

டாக்டர் நம்பவில்லை. நம்பாததும் நியாயமே. தண்ணீரை நிரப்பி மறுபடி ஊதச் சொன்னார். இப்போது பின்வாங்கினால் முன்பு செய்தது பித்தலாட்டம் என்று செல்லசாமி சொல்லுவார். அழகுமுத்து மறுபடி ஊதினார். பீப்பாய் மறுபடி கவிழ்ந்தது. டாக்டர் அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். உள்ளே காற்றுப் புகாத வீட்டின் கதவு மாதிரி ஏதோ கிறீச்சிட்டது. காது ஒன்று சொன்னது, அளவுகோல் வேறொன்று சொன்னது. காது மனிதனுடையது, தவறலாம், அளவுகோல் பித்தளை. அவர் பித்தளையை எழுதிக்கொண்டார். மூக்கால் இழுத்ததைக் களத்தில் எல்லாரும் பார்த்தார்கள். மருந்து ஐயாவும் பார்த்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டதை மொழிபெயர்ப்பதுதான் அவர் வேலை.

வீட்டில் பேச்சியம்மா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அழகுமுத்துவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டு, "நல்லா ஊதினீங்க. தோட்டமே பேசுது" என்றார்.

"செல்லசாமி அப்படிக் கேட்டா..."

"செல்லசாமியா வந்து உங்களுக்குக் கஞ்சி காய்ச்சப் போறாரு? காலையில டாக்டரு கெளம்புறாராம். போயி நெசத்தைச் சொல்லிருங்க. மூக்கால இழுத்தேன்னு சொல்லுங்க."

"சொன்னா நாயனக்காரன்னு எவன் மதிப்பான்?"

"நாயனக்காரன் உசுரோட இருந்தாத்தானே மதிக்க."

திங்கட்கிழமை காலை பனி இறங்கியிருந்தது. அழகுமுத்து நாயனத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பங்களாவுக்குப் போனார். டாக்டரின் கார் நின்றிருந்தது. கருவியைப் பெட்டியில் போட்டு ஆணியடித்தாகிவிட்டது. பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மருந்து ஐயாவிடம் விஷயத்தைச் சொன்னார். சூசைரட்ணத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் கிடையாது. ஆனால் அன்று காலை அவர் ஒரு வார்த்தையையும் மாற்றாமல் மொழிபெயர்த்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டர் கவனமாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. கவ்வியைப் பெட்டிக்குள் போட்டவர் அவர். இந்த மனிதன் சொல்வது உண்மையானால், இவனுடைய அளவு மட்டுமல்ல, கவ்வி இல்லாமல் எடுத்த எல்லா அளவும் சந்தேகத்துக்குரியது. சூரக்கலையின் அளவு மட்டுமல்ல, அன்றைக்கே வந்து ஊதிய பக்கத்துத் தோட்டத்தின் அளவும் அப்படித்தான்.  அவர் தொண்டையின் அமைப்பை விளக்கினார். ஒரே நேரத்தில் காற்று ஒரு வழியே உள்ளே வந்து, இன்னொரு வழியே வெளியே போக முடியாது. மனித உடம்பு அப்படிப் படைக்கப்படவில்லை என்றார். உண்மை தனக்கு அசௌகரியமாக வரும்போது அது சாத்தியமற்றது என்று நிரூபிக்கக் கற்றவர்கள் எங்கும் உண்டு; படித்தவர்களுக்கு அதற்குக் கொஞ்சம் கூடுதல் வசதி.

ஆனாலும் நேர்மையானவர். "செய்து காட்டச் சொல்லுங்கள்" என்றார்.

அழகுமுத்து நாயனத்தை எடுத்தார். பனிக்காற்றும், ஏறி வந்த மேடும், அவருக்குள் நேற்றிலிருந்து காத்துக்கொண்டிருந்த இருமலும் ஒன்றாகச் சேர்ந்தன. கன்னம் உப்பியது, சத்தம் வந்தது, மூக்கால் இழுக்கப் போன இடத்தில் மூச்சு அடைத்துக்கொண்டது. நாயனம் கையிலிருந்து நழுவப் பார்த்தது. மூன்று முறை முயன்றார். முதல் நாள் வேண்டாத போது வந்த வித்தை, இன்றைக்கு வேண்டியபோது வரவில்லை.

டாக்டருக்குப் பெரிய நிம்மதி. "பார்த்தீர்களா? முடியாது" என்றார். "அப்படியானால் நேற்றைய மூச்சு முழுவதும் இவனுடைய நுரையீரலில் இருந்தே வந்தது." இருமலைப் பற்றி மருந்து ஐயா கேட்டதற்கு, காலைப் பனி என்றார். அழகுமுத்துவின் கையைக் குலுக்கிவிட்டு, "இவர்கள் தற்பெருமை இல்லாத ஜனங்கள்" என்று சொல்லிக் காரில் ஏறினார். இந்த வாக்கியத்தை மட்டும் மருந்து ஐயா மொழிபெயர்க்கவில்லை.

பிறகு வந்த முடிவு இதுதான். சலிப்பறை ஆட்களின் மூச்சையெல்லாம் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்தபோது, அழகுமுத்துவின் பீப்பாய் மற்ற எல்லாருடைய குறையையும் நிரப்பிவிட்டது. சராசரி என்று ஒரு மனிதன் எந்த லயத்திலும் குடியிருந்ததில்லை. ஆனால் அந்தச் சராசரி மனிதன் பஞ்சு படாத அடுப்பறை ஆளைவிடத் திடகாத்திரமாக இருந்தான். தேயிலைத் தூசி நெஞ்சுக்குத் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. நீண்ட காலம் பழகியவர்களுக்கு ஒருவேளை வலுவூட்டலாம் என்று அறிக்கை அடக்கத்தோடு முடிந்தது. அடக்கம் அந்த "ஒருவேளை"யில் இருந்தது.

துரை அதைப் பெரட்டில் அறிவித்தார். யாரும் மேல்மாடிக்குப் போக வேண்டியதில்லை. பங்களாவுக்கு விருந்தினர் வந்தால் அழகுமுத்துவைச் சலிப்பறையிலிருந்து கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சைக் காட்டினார். அது எல்லா நெஞ்சையும் போல் இருந்ததால் விருந்தினர்கள் சீக்கிரம் சலித்துவிட்டார்கள்.

பீலியடியில், மலைத் தண்ணீர் குழாய்வழி கொட்டும் இடத்தில், நாகலெட்சுமி பேச்சியம்மாவிடம் கேட்டார்: "ஒம்புருசன் ஒரு ஊது ஊதினாரு, எங்க எல்லாருக்கும் ஆரோக்கியம் வந்திருச்சு. இன்னொரு தடவ ஊதச் சொல்லேன், எங்க மாமியாளுக்கு முட்டி வலி."

பேச்சியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் ஒரு முடிவுக்கும் வந்தார். உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று, அது நடக்கவில்லை. மறுநாள் துரை கொழுந்து மலைக்கு வந்தபோது கூடையோடு போய் எதிரில் நின்றார்.

"தொரைகளே, ஒரு வார்த்தை. எங்க வீட்டுக்காரருக்கு இம்புட்டுப் பெரிய மூச்சு இருக்குன்னு சீமையிலயே எழுதிட்டாங்க. அப்படியாப்பட்ட ஆளை உள்ளுக்குள்ள அடைச்சு வச்சு, சல்லடைக்குப் பக்கத்துல நிறுத்தி வச்சிருக்கீங்களே? உச்சி மலையில கவ்வாத்துக்கு ஆள் இல்லைன்னு கங்காணி தெனம் கத்துறாரு. நெஞ்சுல பலம் உள்ளவங்க போகாட்டி வேற யாரு போவா?"

துரை பேச்சியம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். இது நியாயமாகப் பட்டது. உச்சி மலை செங்குத்தானது; அங்கே போக எல்லாரும் முனகுவார்கள். மூச்சு இல்லை என்று யாராவது சொன்னால் அச்சடித்த பதில் இப்போது அவரிடம் இருந்தது.

"நல்ல யோசனை. திங்கக்கிழமை அவன் மலைக்குப் போகும்."

இப்படியாக, உண்மையால் சலிப்பறையை விட்டு வெளியே வர முடியாத அழகுமுத்து பொய்யால் வெளியே வந்தார். அவர் நின்ற இடத்தில் வேறொருவரை நிறுத்தினார்கள். பஞ்சு பறப்பது நிற்கவில்லை. நாகலெட்சுமி கடைசிவரை அங்கேதான் குச்சி பொறுக்கினார். பேச்சியம்மா தன் புருஷனை மட்டும்தான் காப்பாற்றினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

உச்சி மலையில் காற்று சுத்தம். ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே. கவ்வாத்துக் கத்தியோடு அழகுமுத்து நாலு செடிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். கீழேயிருந்து கங்காணி கத்துவார்: "ஒலகத்துலயே பெரிய மூச்சுக்காரன் அங்க என்னா குந்திக்கிட்டு இருக்கான்?" நோய் என்று சொல்ல வழி இல்லை. சொன்னால் அறிக்கை பொய். அறிக்கை பொய் என்றால் அவருக்கு மலையில் என்ன வேலை, மறுபடி சலிப்பறைக்கே போக வேண்டியதுதான்.

ஆகவே கவ்வாத்துக் கூட்டம் யாரும் சொல்லாமலே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தது. இராமையா தன் வரிசையை முடித்துவிட்டு அழகுமுத்துவின் வரிசைக்கு வருவார். இந்தப் பக்கம் ஒருவர் பத்துச் செடி, அந்தப் பக்கம் ஒருவர் பத்துச் செடி. கங்காணிக்கும் இது தெரியும். வேலை முடிந்தால் அவருக்குப் போதும், தொண்டைப் பழக்கத்துக்குத்தான் கத்தினார். சாயங்காலம் துரையின் பார்வைக்கு அழகுமுத்துவின் வரிசை மற்ற எல்லா வரிசையையும் விடச் சுத்தமாக வெட்டப்பட்டிருக்கும். துரை அதைச் சுட்டிக்காட்டி மற்றவர்களைத் திட்டுவார்.

"ஒன்னால எங்களுக்குத் திட்டு வேற" என்றார் இராமையா ஒருநாள், கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே.

"விடு. நாளைக்கு என் வரிசையக் கொஞ்சம் மோசமா வெட்டு" என்றார் அழகுமுத்து.

"அதெல்லாம் முடியாது. மோசமா செய்யச் சொன்னா ஒன்னாலயும் முடியல, என்னாலயும் முடியாது."

அழகுமுத்து சிரிக்கவில்லை, சிரித்தால் இருமல் வரும். கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு திரும்பி வரும்வரை காத்திருந்தார். மற்றவர்கள் அவருடைய செடிகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.